தாங்கும் கைகள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்பதே அன்றைய முதன்மையான அறிவுரை. பக்கவாதத்தால் கைகால் செயலிழந்தோர், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்போர், மறதிநோயால் தம் தெருவையே அடையாளம் காண இயலாதோர் ஆகிய முதியோருக்கு இவ்வறிவுரையில் புதிதாக ஒன்றுமில்லை. அவர்கள் பல ஆண்டுகளாக வீட்டுக்குள்தான் இருந்தனர். அவர்களுக்கு மாறியது வேறொன்று. நாள்தோறும் காலையில் கதவைத் தட்டி உள்ளே வரும் ஒருவர் அன்று வரவில்லை.

அவ்வாறு வருபவரை நகரத்தில் ‘ஹோம் நர்ஸ்’ என்பர். சில வீடுகளில் அவர் ‘ஆயா’. வேறு சில வீடுகளில் ‘பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா’. இத்தனை பெயர்கள் இருப்பதே இத்தொழிலுக்கு உறுதியான பெயர் ஒன்று இல்லை என்பதைக் காட்டுகிறது. புறநகரிலிருந்தோ அண்டைச் சிற்றூரிலிருந்தோ பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் வந்து சென்றவர்களே இவர்களுள் பலர். வண்டிகள் நின்றன. அடுக்ககங்கள் தம் வாயிலை வெளியாருக்கு மூடின. தொற்றைக் கொண்டுவந்துவிடுவார் என்ற அச்சத்தால், நேற்றுவரை உணவூட்டிய கையே இன்று ஐயத்துக்குரியதாயிற்று. அவ்வீட்டிலிருந்து அவருக்கும் தொற்று வரக்கூடும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்தனர். வேலையில்லாத மாதங்களுக்கும் ஊதியம் கொடுத்த வீடுகள் உண்டு. எல்லா வீடுகளும் அவ்வாறு செய்யவில்லை. தங்கிப் பணியாற்றியோரின் நிலை வேறு. ஊரடங்கு அறிவிக்கப்பட்ட நாளில் எந்த வீட்டில் இருந்தனரோ அந்த வீட்டிலேயே அவர்கள் சிக்கிக்கொண்டனர். பணிநேரம் என்ற எல்லை மறைந்தது. தம் பிள்ளைகளின் முகத்தைத் திறன்பேசித் திரையில் மட்டுமே அவர்களால் காண முடிந்தது.

பால், மருந்து, காவல், தூய்மைப்பணி ஆகியவை இன்றியமையாப் பணிகள் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. நோயாளியின் படுக்கையருகே இருந்து கவனிப்போரும், முதியோரை அவர்தம் வீட்டிலேயே பராமரிப்போரும் பணிக்குச் செல்லலாம் என ஒன்றிய உள்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது ஏப்ரல் 21-இல்தான். ஏறத்தாழ நான்கு வாரங்கள் கடந்திருந்தன. இது எவரோ ஓர் அலுவலரின் மறதியன்று. இப்பணியைப் பணியாகவே கருதாத சமூகத்தின் மறதி.

நான்கு வாரம் என்பது படுக்கையில் கிடப்பவருக்கு நெடுங்காலம். அசையாமல் ஒரே நிலையில் கிடக்கும் உடலில், எலும்பு துருத்தும் இடங்களில் தோல் நசுங்குகிறது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவையே அவ்விடங்கள். அழுத்தத்தால் குருதியோட்டம் தடைப்பட, முதலில் தோல் சிவக்கும், பின்னர் புண்ணாகும், கவனியாது விட்டால் எலும்புவரை ஆழும். இதைத் தடுக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இழுத்துப் புரட்டினால் மெலிந்த தோல் உரிந்துவிடும். அடியில் விரித்த துணியோடு சேர்த்து, இருவர் இருபுறமும் நின்று தூக்கித் திருப்ப வேண்டும். உணவூட்டும்போது தலைப்பக்கத்தை உயர்த்தாவிடில் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும். சிறுநீர்க்குழாய் பொருத்தப்பட்டிருந்தால், அதன் பை எப்போதும் இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். இவை அனைத்தும் கற்றறிய வேண்டிய செயல்கள். ஆயினும் ‘கூடமாட இருந்து பார்த்துக்கொள்வது’ என்ற ஒரு தொடருக்குள் இவற்றை அடக்கிவிடுவது வழக்கமாக இருந்தது.

ஊரடங்கில் இச்செயல்கள் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் கைக்கு வந்தன. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகாத அம்மாதங்களில் வீட்டில் அனைவரும் இருந்தனர். தாத்தாவின் மலத்துணியை முதன்முதலாக மாற்றிய மகன்களும் உண்டு; மருத்துவர் காணொலியில் காட்டியவாறு பாட்டியின் முழங்காலை மடக்கி நீட்டிய சிறுவரும் உண்டு. பல முதியோருக்கு அது மகிழ்ச்சியான காலமாகவும் அமைந்தது. பகலெல்லாம் ஆளரவமற்றிருந்த வீடு திடீரென நிரம்பியது அன்றோ! அதைக் கண்டு, பழைய கூட்டுக்குடும்பத்தின் பாசம் திரும்பிவிட்டது எனப் பலர் போற்றினர்.

அப்போற்றுதலை முழுமையாக ஏற்பதற்கில்லை. பழைய கூட்டுக்குடும்பத்தில் முதியோரைப் பேணியவர் பெரும்பாலும் ஒரு மருமகளோ மணமாகாத மகளோ ஆவார். அவரது உழைப்புக்கு ஊதியமும் இல்லை, ஓய்வும் இல்லை. பின்னாளில் அச்சுமையின் ஒரு பகுதியைக் கூலி பெறும் மற்றொரு பெண் ஏற்றார். பெருந்தொற்று அவரை வெளியே நிறுத்தியபோது, சுமை பெரும்பாலும் பழைய தோளுக்கே திரும்பியது. அலுவலகப் பணியையும் அடுப்படியையும் இணையவழி வகுப்பையும் கவனித்துக்கொண்டு, நள்ளிரவில் எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்த பெண்ணிடம் பாசம் குறைவு என்று எவரும் கூற இயலாது. அவருக்கு இல்லாதிருந்தது பயிற்சியும் துணைக்கு மற்றுமிரு கைகளுமே. பாசத்தால் மட்டும் ஐம்பது கிலோ எடையுள்ள உடலை முதுகு பிடிக்காமல் தூக்கிவிட முடியாது.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு இது வேறுவிதமாகப் புலப்பட்டது. 2020 மார்ச் இறுதியில் நின்ற வழக்கமான பன்னாட்டு வானூர்திப் போக்குவரத்து 2022 மார்ச் 27-இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் சிறப்பு வானூர்திகள் இயங்கினவெனினும், நினைத்தவுடன் புறப்பட்டு வர இயலவில்லை. பணம் வந்தது, அப்பணத்தைப் பெற்றுக்கொண்டு பணிசெய்ய ஆள் இல்லை. முகக்கவசமும் தன் பங்குக்கு ஓர் இடரை உண்டாக்கியது. உதட்டசைவைக் கொண்டே பேச்சைப் புரிந்துகொண்ட செவித்திறன் குன்றியோருக்குச் சொற்கள் மறைந்தன. மறதிநோயுற்றோருக்கோ, மூக்கும் வாயும் மூடித் திரும்பிவந்த பழைய பணியாளர் புதியவராய்த் தோன்றினார்.

சட்டங்கள் இதில் என்ன செய்கின்றன என்ற வினா எழுவது இயல்பு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பேணாத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர அது வழிசெய்தது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான நல வாரியம் அமைக்கப்பட்டதும் அதே 2007-இல்தான். ஒன்று பிள்ளைகளின் கடமையைப் பேசுகிறது. மற்றொன்று பணியாளரின் நலனைப் பேசுகிறது. ஒரே கட்டிலின் இருபுறமும் நிற்கும் இவ்விருவரையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சி பின்னரே தோன்றியது. வீட்டுப் பராமரிப்புச் சேவை வழங்கும் நிறுவனங்களைப் பதிவுசெய்வதற்கான விதிகளோடு, அச்சட்டத்துக்கு ஒரு திருத்த முன்வரைவு 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. பெருந்தொற்றுக்கு மூன்று மாதங்களே முன்னர்! அது சட்டமாகவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசும் கட்டிலை நோக்கி வந்தது என்பதை மறுக்க முடியாது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள், இயன்முறை மருத்துவம், நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியவை வீட்டு வாயிலுக்கே வந்தன. வெளியே வர இயலாதோருக்கு வீட்டிலேயே தடுப்பூசி செலுத்த 2021 செப்டம்பரில் ஒன்றிய அரசு வழிவகுத்தது. இவை பெரும் பணிகள். எனினும் மருந்தைக் கொடுத்துவிட்டு அப்பணியாளர் சென்ற பின்னும் நாளின் எஞ்சிய மணிகள் இருக்கின்றன. அம்மணிகளில் உடனிருக்கும் மருமகளுக்கும் கூலிக்கு வருபவருக்கும், புரட்டுதல், ஊட்டுதல், புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் ஆகியவற்றை ஒருசேரக் கற்பிக்க வேண்டும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், செவிலியரோடு தன்னார்வலரையும் குடும்பத்தாரையும் பழக்கி இவ்வழியைக் காட்டியிருக்கிறது. கூலிக்கு வருபவருக்குப் பயிற்சிச் சான்றும், வாரவிடுப்பும், அடுத்த ஊரடங்கில் காவலரிடம் காட்டத்தக்க அடையாள அட்டையும் தேவை.

இன்று பேருந்துகள் ஓடுகின்றன. அடுக்கக வாயில்கள் திறந்திருக்கின்றன. காலை ஏழு மணிக்கு வந்து, இரவுமுழுதும் ஈரத்தில் கிடந்த முதியவரைத் துடைத்து உடைமாற்றப்போகும் பெண், வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிடுகிறார். வந்த காரியம் என்ற கட்டத்தில் காவலாளி எழுதுவது, ‘வீட்டு வேலை’.