மதில்மேல் பூனையும் வேலிமேல் மனிதரும்

ஆங்கில மரபுத்தொடர்களை நாம் எப்படிப் படிக்கிறோம்? இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், விடுமுறையில் மறந்துவிடுகிறோம். ஆனால் முடிவெடுப்பதையும் வாக்கைக் காப்பதையும் பற்றிய தொடர்கள் அப்படி மறக்கத் தக்கவை அல்ல.

'சிட் ஆன் தி ஃபென்ஸ்' என்றால் வேலிமேல் உட்கார்ந்திருப்பது. எந்தப் பக்கமும் சேராதவரை அது குறிக்கும். நம் பாட்டிமார் இதையே 'மதில்மேல் பூனை' என்பார்கள். அவர்களுக்கு வேலி, நமக்கு மதில். தயக்கம் என்னவோ ஒன்றுதான்! 'ஸ்லீப் ஆன் இட்' என்பதை 'அதன்மேல் தூங்கு' என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். ஓர் இரவு பொறுத்து, யோசித்துச் சொல் என்பதே அதன் பொருள். 'கிராஸ் தி ரூபிகன்' என்பதற்கோ ஒரு வரலாறே உண்டு. ரூபிகன் வட இத்தாலியில் ஓடும் ஒரு சிற்றாறு. படைத்தலைவர் எவரும் தம் படையுடன் அதைக் கடந்து இத்தாலிக்குள் வரலாகாது என்பது ரோமானியச் சட்டம். கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசர் கடந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. பின்வாங்க முடியாத முடிவுக்கு அந்த ஆற்றின் பெயரே நிலைத்துவிட்டது.

இவற்றைவிட எளிய தொடர் ஒன்று நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. 'ஐ ஹேவ் மேட் அப் மை மைண்ட்.' இதைச் சொல்பவள் தன் மனத்தைத்தான் சொல்ல முடியும். பிறர் மனத்தை இரவல் வாங்க முடியாது. நாமோ பேச்சு வழக்கில் 'முடிவாகிவிட்டது' என்கிறோம். முடிவு செய்தது யார்? அந்தச் சொல்லில் ஆளே இல்லை! பத்தாம் வகுப்புக்குப் பின் ஒருத்தி எந்தப் பிரிவில் சேர்வாள், மேலே படிப்பாளா, வீட்டோடு நிற்பாளா என்பதெல்லாம் பல இல்லங்களில் இப்படித்தான் 'முடிவாகிவிடுகிறது'. தோழி சேர்ந்தாள் என்பதற்காகவே அறிவியல் பிரிவில் சேர்பவர்களும் நம்மில் உண்டு.

பெரியோர் சொல்லைத் தட்டவேண்டும் என்பது நம் கருத்தன்று. குடும்பத்தின் வரவு செலவையும் உலக அனுபவத்தையும் அவர்களே நன்கு அறிவார்கள். ஆனால் "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று அவர்கள் கேட்கும்போது, "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு தனியே அழுவது பணிவாகாது. நம்மைக் கேளுங்கள் என்று பெற்றோரை வேண்டுகிறோம். கேட்டால் பதில் சொல்லும் தெளிவு நமக்கு வேண்டும் என்று நம்மையே வேண்டிக்கொள்கிறோம்.

முடிவு நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதே. பாடம் கடினம் என்று பாதியில் விலகுவதை ஆங்கிலத்தில் 'பேக் அவுட்' என்பார்கள். திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' 47-ஆம் அதிகாரம். 'வினைத்திட்பம்' 67-ஆம் அதிகாரம். முதலில் ஆராய்ச்சி, பின்னரே உறுதி!

எனவே தோழியரே, இத்தொடர்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம். சிந்தித்துச் சொல்வோம், சொன்னதைச் செய்வோம்!