பண்டிகைப் பலகாரம் ஆவியில் வேகட்டும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பனச்சமூட்டில் நம்மவர் வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதில்லை. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு என எல்லாம் பொரித்தவை. சர்க்கரை, கொழுப்பு என்று மருந்து உண்பவர் இல்லாத வீடோ அரிது.

மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் பலகாரம் ‘தமாலே’. மக்காச்சோள மாவைப் பன்றிக்கொழுப்புடன் பிசைந்து, இறைச்சி வைத்து, சோளமட்டையில் பொதிந்து ஆவியில் அவிப்பார்கள். இப்போது உடல்நலம் கருதிச் சிலர் தாவர எண்ணெயும் பீன்ஸும் சேர்க்கிறார்கள்.

நம் பாட்டிமார் இதை என்றோ செய்துவிட்டார்கள். கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையில் அரிசிமாவு, சிறுபயறு, தேங்காய், கருப்பட்டி, சுக்கு மட்டுமே. 1956-இல் மாநில எல்லை பிரிந்தும், அண்டை வீட்டு மலையாளிகளின் தெரளியப்பம் இதற்கு உடன்பிறப்பாகவே இருக்கிறது.

ரயில்வேயில் நீராவி எஞ்சினைக் கண்டவன் நான். ஆவியின் அருமை அறிவேன். இட்லிப் பானையில் சூடு 100 டிகிரி. பொரிக்கும் எண்ணெயில் 180 வரை போகும். அங்கே மாவு நீரை விட்டு எண்ணெயைக் குடிக்கிறது.

முந்திரிக்கொத்தை விடச் சொல்லவில்லை, அளவாகச் செய்யுங்கள். கொழுக்கட்டையையும் கிறிஸ்துமஸ் தட்டில் வையுங்கள். கருப்பட்டியும் இனிப்புதான், அதைப் பாதியாக்கிப் பயற்றைக் கூட்டுங்கள். பனையோலை கிடைக்காவிட்டால் வாழையிலை போதும். மாவு பொதியப் பிள்ளைகளையும் அழையுங்கள். நம்மோடு இந்தக் கைப்பழக்கம் நின்றுவிடக் கூடாது.