எந்த எண்ணெய் எந்த மரத்துக்கு?

எண்ணெய் தடவினால் மரம் பொலிவு பெறும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் எந்த எண்ணெயைத் தடவினாலும் மரம் காக்கப்படும் என்று எண்ணுவது பிழை. மெருகு நீக்கப்பட்ட பேஸ் கிதாரின் வெறும் மரக்கழுத்துக்கு எதைப் பூசுவது என்னும் வினா இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். இல்லத்து மேசைக்கும் கருவிகளின் மரப்பிடிக்கும் இவ்விளக்கம் பயன்படும்.

1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 'பிரிசிஷன் பேஸ்' கிதாரை வெளியிட்டது. அதன் கழுத்து மேப்பிள் மரத்தாலானது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிதார்களில் அம்மரமே இடம்பெறுகிறது. நான்கு கம்பிகளும் சேர்ந்து அக்கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இடைவிடாது இழுக்கின்றன. வெறுமையாக விடப்பட்ட மேப்பிள் கைவியர்வையை உறிஞ்சிக் கறுக்கும். காற்றின் ஈரத்தால் விரிந்து சுருங்கி, வளையவும் கூடும். எனவே காப்பு ஒன்று இன்றியமையாதது. லாக்கர் பூச்சு ஈரத்தை நன்கு தடுக்கும்; ஆனால் வியர்த்த கையில் ஒட்டும். எண்ணெய்ப் பூச்சில் கை தடையின்றி நகரும். தேய்ந்த இடத்தில் மீண்டும் பூசுவதும் எளிது. ஆயினும் ஈரத்தைத் தடுப்பதில் அது லாக்கருக்கு ஈடாகாது.

எண்ணெய்களுள் உலர்பவை, உலராதவை என இரு வகை உண்டு. தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் எத்தனை நாள் சென்றாலும் உலர்வதில்லை. பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, கெட்டிப்பட்டுப் படலமாகின்றன. நமக்கு வேண்டியவை இவையே.

ஆளிவிதை எண்ணெயைப் பச்சையாகப் பூசினால் உலரப் பல நாட்கள் ஆகும். பெயின்ட் கடைகளில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று விற்கப்படுவது ஏறத்தாழ ஒரு நாளில் உலரும். காலப்போக்கில் மரத்துக்கு மஞ்சள் நிறம் ஏற்றுவது இதன் இயல்பு. சீனத்து மரமொன்றின் கொட்டையிலிருந்து கிடைக்கும் டங் எண்ணெய் நீரை மேலும் நன்றாகத் தாங்கும், மஞ்சளிப்பதும் குறைவு. ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் சில நாட்கள் காத்திருத்தல் வேண்டும். 'டங் ஆயில் ஃபினிஷ்' எனப்படும் பல சரக்குகள் வார்னிஷ் கலவைகளே என்பதால் புட்டியின் மேலுள்ள விவரத்தைப் படித்து வாங்குக. துப்பாக்கிக் கட்டைக்கென விற்கப்படும் 'ட்ரூ ஆயில்' ஆளிவிதை எண்ணெயுடன் பிசின் கலந்தது. சில மணி நேரத்தில் உலரும். விரைவும் உறுதியும் வேண்டுவோர்க்கு இதுவே ஏற்றது. பொறுமையுள்ளோர் தூய டங் எண்ணெயைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதலில் கம்பிகளை நீக்கி, கழுத்தைக் கழற்றிக்கொள்க. 220, 320, 400 எண் உப்புத்தாள்களால் முறையே இழைப்போக்கில் தேய்த்துத் தூசியைத் துடைக்கவும். எண்ணெயை மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் சென்றபின் மேலே நிற்பது முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காது விட்டால் பிசுக்குத்தான் மிஞ்சும். நன்கு உலர்ந்தபின் அடுத்த பூச்சு. மூன்று அல்லது நான்கு போதும். விரல்பலகை ரோஸ்வுட் மரமாயின் அதன்மேல் இவ்வெண்ணெய் படலாகாது. அம்மரத்தின் இயற்கை எண்ணெய் இது உலர்வதைத் தடுக்கும். இரும்புக் கம்பளியால் மெருகிடுவோர், அதன் துகள்கள் கிதாரின் காந்த பிக்அப்களில் ஒட்டாதவாறு தொலைவில் வைத்துச் செய்க.

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முதன்மையானது. உலரும் எண்ணெய் ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சி கிழிக்காமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் இவ்வாறே தீப்பற்றியது. மரத்துக்கு மெருகிட்டவர்கள் 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். தீயணைக்கச் சென்ற வீரர் மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே, அன்பு வாசகர்களே! வேலை முடிந்ததும் துணியை வீட்டுக்கு வெளியே ஒற்றைப் படையாக விரித்து, விறைக்கும்வரை உலர்த்துங்கள். அல்லது நீர் நிரம்பிய உலோகப் பாத்திரத்தில் மூழ்கவிட்டு மூடிவையுங்கள். மரவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு எண்ணெய்ப் புட்டியைக் கொடுக்குமுன் இதனைச் சொல்லிக் கொடுங்கள்.