கடல் கடந்த பாட்டு

பாட்டிற்குத் தேசமில்லை என்பர் பலர். இனிய வாக்கியமே, ஆயினும் முழு உண்மையன்று. பாட்டு ஒரு மொழியிற் பிறக்கின்றது. அம்மொழி தன்னைப் பேசினோர் செய்த நன்மை தீமைகளின் நினைவையும் உடன் சுமந்து செல்கின்றது. ஜப்பானிய இசைஞர் இருவர் மேற்கொண்ட யாத்திரையொன்று இதனை நன்கு விளக்கும்.

சாகே, அஸ்கா என்னும் அவ்விருவரும் புக்குவோக்கா மாகாணத்தினர். 1979-ஆம் ஆண்டில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அவர்கள், பின்னர் ராக் இசையும் மெல்லிசையும் கலந்து பாடிப் பெரும்புகழ் எய்தினர். ஆசிய நகரங்கள் சிலவற்றிலும் கச்சேரி செய்தனர். ஆனால், புக்குவோக்காவிலிருந்து ஒரு நீரிணையே இடைப்பட்ட தென் கொரியாவிலோ, ஜப்பானிய மொழிப் பாட்டிற்கு நெடுங்காலம் கதவு அடைபட்டிருந்தது.

அத்தடை வீண் பிடிவாதமன்று. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1938-க்குப் பின் கொரிய மொழி பள்ளிகளினின்றும் படிப்படியாக விலக்கப்பட்டது. 1940 முதல் மக்கள் தம் குடிப்பெயரையே ஜப்பானிய முறையில் மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். அகராதி தொகுத்துவந்த கொரிய மொழிக் கழகத்தார் 1942-இல் சிறைப்பட்டனர்; அவருள் இருவர் சிறையிலேயே மாண்டனர். சொற்களைத் தொகுத்தமைக்குச் சிறை! மொழி பயிலும் மாணவராகிய நாம் இதனை எளிதிற் கடந்து செல்லவொண்ணாது.

1998-இல் அந்நாட்டுத் தலைவர் கிம் டே-ஜுங் கதவைச் சிறிது திறந்தார். 1999-இல் சிறு அரங்குகளிலும், 2000 ஜூனில் பெரிய அரங்குகளிலும் ஜப்பானியர் பாட இசைவு கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நம் இசைஞர் இருவரும் ஸியோல் நகரப் பேரரங்கொன்றில் தம் மொழியிலேயே பாடினர். எனினும், 2001-இல் ஜப்பானியச் சரித்திரப் பாடநூல்கள் பற்றிய பூசலால் மேலும் திறத்தல் நிறுத்தப்பட்டது. ஜப்பானிய மொழிப் பாடல்களடங்கிய இசைத்தட்டுகளை விற்கும் உரிமை 2004-இலேதான் வந்தது.

இதனால் நாம் துணிவது யாது? பாட்டு பழைய புண்ணை ஒரே இரவில் ஆற்றும் என்பது மிகைக்கூற்று. ஒரு கச்சேரிக்கு அடுத்த ஆண்டிலேயே பூசல் எழுந்தமை அதற்குச் சான்று. புண்பட்டோரை நோக்கி, "மறந்துவிடுங்கள்" என்று பிறர் கூறுவதும் அறமன்று. கதவைத் திறக்கும் காலத்தைக் குறிக்கும் உரிமை புண்பட்டோர்க்கே உரியது. ஆயினும், என்றும் திறவாதிருத்தலும் நன்றன்று. அகராதி செய்தோரைச் சிறையிட்டது ஆட்சியேயன்றி, ஜப்பானிய மொழியன்று. ஒரு மொழியை வெறுத்து மற்றொரு மொழியைக் காத்தல் இயலாது.

அவ்விருவரின் இசைக்கூட்டு 2019-இல் அஸ்கா விலகியதோடு முடிவுற்றது. அவர்கள் சென்ற வழியிலோ இன்று இரு நாட்டு இசைஞரும் தடையின்றிப் போய் வருகின்றனர். அயல்மொழிப் பாட்டை விரும்பிக் கேட்கும் நம் நண்பர்கள், அம்மொழியின் சரித்திரத்தையும் சிறிது கேட்டறிவாராக. அவ்வறிவால் பாட்டின் இனிமை குறையாது; கேட்போரின் உள்ளம் விரியும்.