தண்ணீர் கேனும் தலைநகர் அறிவிக்கையும்

2024 அக்டோபரில், அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐஎஸ்ஐ சான்று கட்டாயம் என்ற நிபந்தனையை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தன் விதிகளிலிருந்து நீக்கியது. அடுத்த மாதமே அதே குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு உண்டு என்றது. முதல் அறிவிப்பை மட்டும் கேள்விப்பட்டவர், கெடுபிடி தீர்ந்தது என்று நினைத்திருப்பார்.

திருவள்ளூர் மாவட்டத்தில் தண்ணீர் ஆலைகள் ஏராளம். கடம்பத்தூர் ரயிலடி டீக்கடை முதல் தொழிற்சாலை கேன்டீன் வரை கேனை நம்பித்தான் நடக்கின்றன. விதி மாறிய செய்தி இங்கே எப்படி வந்து சேர்கிறது? பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஆள் உண்டு. சிறு வியாபாரிக்கோ லைசென்ஸ் எடுத்துத் தரும் ஏஜென்ட் சொல்வதுதான் சட்டம். அவர் பாதியைச் சொன்னால் பாதிச் சட்டம்தான். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது ஊரெல்லாம் தெரிந்தது. டிவியில் ஓடியதே! கேன் விதிக்கு அந்த யோகம் இல்லை.

வரைவு விதிகள் மீது கருத்துச் சொல்ல ஆணையம் வழக்கமாக 60 நாள் தருகிறது. அரசிதழிலோ அவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம் அவற்றின் சாரத்தை ஒரே பக்கத் தமிழில் எழுதி, அந்த 60 நாளுக்குள் கடம்பத்தூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். வணிகர் சங்கங்களின் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.