வீரன்ஸைக் கொன்றது கிரிக்கெட் அல்ல

இது கிரிக்கெட் ஊர், இங்கே ஹாக்கி அணி நிலைக்காது என்று மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடித்துச் சொல்கிறார்கள். சாட்சிக்குச் சென்னை வீரன்ஸையும் சென்னை சீட்டாஸையும் இழுக்கிறார்கள். இரண்டு அணிகளும் இன்று இல்லை என்பது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு.

சிஎஸ்கே வந்ததும் வீரன்ஸ் காணாமல் போனது என்பார்கள். நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். வீரன்ஸ் ஆடிய பிரீமியர் ஹாக்கி லீகை இந்திய ஹாக்கி சம்மேளனம் 2005இல் தொடங்கியது. ஆட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தது. சர்வதேச ஹாக்கி அந்த முறைக்கு 2014இல்தான் வந்தது. அவ்வளவு முன்யோசனை இருந்த லீக், நான்கு சீசனோடு நின்றது. 2008 மார்ச்சில் இந்தியா சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 80 ஆண்டுகளில் முதல்முறையாக ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அடுத்த மாதம் சம்மேளனச் செயலாளர் மீதான லஞ்சக் குற்றச்சாட்டு தொலைக்காட்சியில் வெளியானது. ஏப்ரல் 28 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் அந்தச் சம்மேளனத்தையே சஸ்பெண்ட் செய்தது. நடத்திய அமைப்பு விழுந்தது, லீகும் விழுந்தது. ஐபிஎல் தொடங்கி அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கூட்டம் வரவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. எங்கே வருவது? முதல் சீசனின் எல்லா ஆட்டங்களும் ஹைதராபாத்தில் நடந்தன. சென்னையின் பெயரைச் சுமந்த அணியைச் சென்னைக்காரன் டிவியில்தான் பார்த்தான். பின்னர் வந்த சீசன்களும் ஓரிரு நகரங்களுக்குள்ளேயே முடிந்தன. சொந்த மைதானத்தில் வாரம்தோறும் ஆடாத அணிக்கு ரசிகர் படை எப்படித் திரளும்? அதே காலத்தில், 2007 செப்டம்பரில், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசியக் கோப்பை நடந்தது. இறுதியாட்டத்தில் கொரியாவை இந்தியா 7-2 என்று வென்றபோது மைதானம் நிரம்பி வழிந்தது. 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்றபோதும் இதே மைதானம், இதே ஆரவாரம்.

சீட்டாஸின் கதை வேறு. 2012இல் நிம்பஸ் நிறுவனமும், முன்பு சஸ்பெண்ட் ஆன அதே இந்திய ஹாக்கி சம்மேளனமும் சேர்ந்து நடத்திய வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில் அது ஆடியது. முன்பு இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஸ்பெயினின் ஹோசே பிராசா அதன் பயிற்சியாளர். சம்மேளனத்துக்குப் போட்டியாக இருந்த ஹாக்கி இந்தியா அமைப்பும் சர்வதேச சம்மேளனமும் அந்தத் தொடரை அங்கீகரிக்கவில்லை. அதில் ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாது என்ற அச்சம் வீரர்கள் தலைமேல் தொங்கியது. ஒரே சீசன், அதோடு சரி. 2013இல் ஹாக்கி இந்தியா தன் லீகைத் தொடங்கியபோது ஐந்து அணிகள் இருந்தன. தெற்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. சென்னை ரசிகன் புறக்கணித்தான் என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் ஆட ஆள் இல்லை என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்கோவில் 1980இல் தங்கம் வென்ற அணியின் கேப்டன் வி. பாஸ்கரன் நம் ஆள். அரியலூர் கார்த்தியும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள்.

கிரிக்கெட்டை எதிரியாக்குவதும் இந்த ஊரின் வரலாறு தெரியாத பேச்சு. இன்று எம்சிசி முருகப்பா தங்கக் கோப்பை என்று நடக்கும் ஹாக்கிப் போட்டியை 1901இல் தொடங்கியது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான்.

பல ஆண்டு இடைவெளிக்குப் பின் மீண்ட ஹாக்கி இந்தியா லீகில், தமிழ்நாடு டிராகன்ஸ் 2024 டிசம்பரில் களமிறங்கியது. முதல் சீசனில் ஆண்கள் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. வீரன்ஸுக்குச் செய்த அநியாயத்தை இந்த அணிக்கும் தொடரக் கூடாது. ஒவ்வொரு சீசனிலும் எழும்பூரில் அது ஆட வேண்டும். ஆடும்போது நீங்களும் வாருங்கள். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் நான்காவது ஸ்டேஷன்.