எந்த லினக்ஸ் நல்லது? வீட்டைப் பார்த்துச் சொல்லுங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் இங்கே சிவாஜிநகரில் நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால் லினக்ஸ் பேச்சு வந்துவிடுகிறது. ஒருத்தர் உபுண்டு என்கிறார், இன்னொருத்தர் மின்ட், மூன்றாமவர் ஃபெடோரா. தேர்தல் நேரத்து டீக்கடை தோற்றது போங்க!

நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. கடன் கேட்டு வருபவரிடம் "எதுக்கு வாங்குறீங்க, யார் கட்டுவாங்க?" என்று கேட்டுப் பழக்கம். லினக்ஸுக்கும் அதே கேள்விதான். யார் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறார்கள்? சிக்கினால் யாரைக் கேட்பது?

இரண்டு மாநிலங்களைப் பாருங்கள். சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவான பாஸ் லினக்ஸ் 2007-ல் வந்தது. நம்ம சரக்கு, நல்ல சரக்கு. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து அதையும் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து ஊரில் சொந்தக்காரப் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. கேரளாவில் உபுண்டுவைத் தங்கள் பள்ளிகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடமும் பரீட்சையும் அதிலேயே வைத்தார்கள். 2019-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பு போனது. வித்தியாசம் மென்பொருளில் இல்லீங்க, பின்னால் நிற்கும் ஆட்களில்.

நம்ம வீட்டுக்கு என்ன வேண்டும்? என்னைக் கேட்டால் முதல் தகுதி தமிழ். இங்கே நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வாயில் இருக்கிறது, விரலில் இல்லை. ஆச்சிக்கு நாலு வரி தமிழில் அடிக்கத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை காசில்லாமல் வந்துவிடும். எனவே உங்கள் தெருவில் உதவிக்கு ஆள் இருக்கிற லினக்ஸைப் போட்டு, முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். பழைய பெட்டியா? மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி நினைவகத்திலேயே சமாளிக்கும்.

அப்புறம், மேம்படுத்துவது. "நாமே தமிழ் லினக்ஸ் ஒண்ணு விடுவோம்" என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். விடுவது சுலபம், வருஷா வருஷம் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பது யார்? அதைவிட, லிப்ரெஆபிஸ் மெனுவில் ஒரு தமிழ்ச் சொல் உறுத்தினால், அதன் மொழிபெயர்ப்பு நடக்கும் வெப்லேட்டில் திருத்தம் சொல்லுங்கள். மூலத்தில் ஏற்றுக்கொண்டால் அடுத்தடுத்த பதிப்புகளில் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, பாஸ் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். கட்சிச் சண்டைக்கே வேலையில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு பத்துச் சொல் பாருங்கள். அதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும்.